முன்னாள் என்றால் முடிந்துபோனவர் அல்ல!

(பட்டிமன்றத் தலைப்பு: மனிதனின் மதிப்பு தெரிவது பதவியில் இருக்கும்போதா? பதவியை விட்ட பிறகா? இடம்: திருவதிகை. ‘பதவியை விட்ட பிறகே’ அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் அவர்களே! எதிரணியில் பதவியோடும் பவிசோடும் அமர்ந்திருக்கிற நண்பர்களே! பண்ருட்டியில் இருந்தும் நெய்வேலி டவுன்ஷிப்பில் இருந்தும் பஸ் பிடித்து வந்து, இந்தச் சாயங்கால வெக்கையில் விசிறிக்கொண்டே எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! 

என்னை மேடைக்குக் கூப்பிட்டபோது, “முன்னாள் தலைமையாசிரியை”ன்னு சொன்னாங்க. அய்யா, இந்த ‘முன்னாள்’ எனக்குப் புதுசு. போன மே மாசம் 31-ஆம் தேதி சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் நான் ‘இந்நாள்’. அஞ்சு மணிக்கு ஒரு மாலை போட்டாங்க, ஒரு சால்வை போர்த்தினாங்க. அஞ்சு மணி அஞ்சு நிமிஷத்துக்கு ‘முன்னாள்’!

அதுவரைக்கும் நான் மளிகைக் கடைக்குப் போனா, கடைக்காரர் எழுந்து நிப்பார். ஜூன் ஒண்ணாம் தேதி போறேன். உக்காந்துக்கிட்டே, “என்னம்மா வேணும்?”னு கேக்கறார். (சிரிப்பு) சரி, வீட்டுக்குப் போனா ஆறுதல் கிடைக்கும்னு போனேன். என் வீட்டுக்காரர் சுரங்கத்துல வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எனக்கு நாலு வருஷம் சீனியர் முன்னாள். திண்ணையில பேப்பர் படிச்சுக்கிட்டே சொன்னார்: “வா வா, இந்தச் சங்கத்துக்கு இதுவரைக்கும் நான் ஒருத்தன்தான் உறுப்பினர்.” (பலத்த சிரிப்பு)

சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலைங்க. முப்பது வருஷத்துக்கு மேல என் கையெழுத்துக்கு ஒரு மதிப்பு இருந்துச்சு. வருகைப் பதிவேட்டுல, மாற்றுச் சான்றிதழ்ல, நன்னடத்தைச் சான்றிதழ்ல. இனிமே என் கையெழுத்தை யார் கேப்பாங்க? பென்ஷன் ஆபீஸ் மட்டும்தான் கேக்கும். அதுவும் நான் உயிரோட இருக்கேனான்னு தெரிஞ்சுக்க! ‘நான் இனிமே யாரு?’ங்கற கேள்வி நெஞ்சுல உக்காந்துக்கிச்சு. ஆகவே நடுவர் அவர்களே, இன்னிக்கு நான் கைதட்டலுக்காக மட்டும் பேசல. எனக்குப் பதில் வேணும்னு பேசறேன்.

எதிரணியின் முதல் பேச்சாளர் ரொம்ப அழகாச் சொன்னார். “ஏ. லட்சுமணசுவாமி முதலியாரைப் பாருங்கள். 1942 முதல் 1969 வரை 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். நாற்காலி இருந்ததால்தானே அத்தனையும் செய்ய முடிந்தது?” என்றார். ஒத்துக்கறேன். அந்தப் பெரியவருக்கு நானும் ஒரு கும்பிடு போடறேன். நாற்காலியில உக்காந்து நல்லது செய்யலாம். இல்லைன்னு யார் சொன்னா? ஆனா தலைப்பு அது இல்லையே! மனிதனின் மதிப்பு *தெரிவது* எப்போது? மரம் நிக்கும்போது நிழல் தரும், அது சரி. அது வைரம் பாய்ஞ்ச மரமா, உளுத்த மரமாங்கறது எப்போ தெரியும்? விழுந்து, அறுத்துப் பார்க்கும்போதுதான் தெரியும்! (கைதட்டல்)

இந்த ஊர்லயே ஆரம்பிக்கறேன். நாம உக்காந்திருக்கிற இடத்துக்குப் பக்கத்துலதான் கெடிலம் ஓடுது. அந்தக் கரையில வீரட்டானேசுவரர் கோயில். இந்தத் திருவதிகைக்கும் திருநாவுக்கரசருக்கும் உள்ள உறவு இங்கே சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். பிறந்தது பக்கத்துத் திருவாமூர். அக்கா திலகவதியார் தொண்டு செஞ்சது இங்கே. இடையில அவர் எங்கே இருந்தார்? சமண சமயத்துல சேர்ந்து, பாடலிபுத்திரத்துல, அதாவது இன்னிக்குக் கடலூர்ல இருக்கிற திருப்பாதிரிப்புலியூர்ல, தருமசேனர்ங்கற பட்டத்தோட, தலைமை இடத்துல இருந்தார். பெரியபுராணம் சொல்லுது. எந்தச் சமயம் உயர்ந்தது, எது தாழ்ந்ததுன்னு பேச நான் வரலை. நான் பார்க்கறது ஒண்ணே ஒண்ணு. அந்தத் தலைமைப் பதவியை விட்டுட்டு அக்கா வீட்டு வாசலுக்கு வந்து நின்னப்போ, அவரும் ஒரு ‘முன்னாள்’தான்! அதுக்கப்புறம் அவர் கையில எடுத்தது என்ன? செங்கோல் இல்லை. உழவாரப்படை! கோயில் கோயிலாப் போய்ப் புல் செதுக்கினார். 81 வயசு வரைக்கும் வாழ்ந்தார்னு மரபு. தருமசேனர்ங்கற பட்டத்தை இன்னிக்கு எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு? அந்த உழவாரப்படையை மறந்தவங்க யாராவது இருக்காங்களா? (கைதட்டல்)

நடுவர்: அம்மா, உள்ளூர்ச் சாமியைக் கூட்டிட்டு வந்துட்டீங்க. எதிரணி பயப்படுது!

பயப்படட்டும் அய்யா. இது பழைய கதைன்னு தள்ளிடுவாங்க. அதனால போன நூற்றாண்டுக்கு வர்றேன். ரொம்பத் தூரத்து ஆள்தான். ஆனா நம்ம நாட்டு மண்ணை மிதிச்சவர்.

அமெரிக்காவுல அடிமை முறை ஒழிஞ்சது 1865-ல். கறுப்பின மக்களை வெள்ளையர் கல்லூரிகள்ல பெரும்பாலும் சேர்த்துக்க மாட்டாங்க. அதனால அவங்களுக்குன்னே தனியாக் கல்லூரிகள் உருவாச்சு. அதுல ஒண்ணு, 1867-ல் தொடங்கி, பிற்பாடு அட்லாண்டா நகரத்துல நிலைச்ச மோர்ஹவுஸ் கல்லூரி. 1940 முதல் 1967 வரைக்கும் அதுக்குத் தலைவரா இருந்தவர் பெஞ்சமின் மேஸ். அவரோட அப்பாவும் அம்மாவும் அடிமைகளாப் பிறந்தவங்க. பருத்திக் காட்டுல வேலை செஞ்ச பிள்ளை அவர். பள்ளிக்கூடம் வருஷத்துல சில மாசம்தான். உயர்நிலைப் பள்ளியை முடிக்கும்போது வயசு 22. அதுக்கப்புறம் சிகாகோவுல டாக்டர் பட்டம் வரைக்கும் படிச்சார். மார்ட்டின் லூதர் கிங் அந்தக் கல்லூரியில அவர்கிட்ட வளர்ந்த பிள்ளை.

இந்த மேஸ் 1936 கடைசியில இந்தியாவுக்கு வந்தார். வார்தாவுல காந்தியடிகளைப் பார்த்துப் பேசினார். பிறகு மைசூர்ல ஒரு மாநாடு. அங்கே, தாழ்த்தப்பட்ட பிள்ளைங்க படிக்கிற ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவரைப் பேசக் கூப்பிட்டாங்க. அந்தத் தலைமையாசிரியர் பிள்ளைங்ககிட்ட எப்படி அறிமுகம் செஞ்சார் தெரியுமா? ‘இவரும் அமெரிக்காவின் தீண்டப்படாதவர், படித்து உயர்ந்திருக்கிறார்’ங்கற மாதிரி சொன்னார். மேஸுக்கு முதல்ல தூக்கிவாரிப் போட்டுது. கொஞ்சம் கோபம்கூட வந்துச்சு. அடுத்த கணமே யோசிச்சார்: உண்மைதானே, என் நாட்டில் என் நிலைமையும் அதுதானே! இதை அவரே தன் வரலாற்றுல எழுதியிருக்கார். ஒரு தலைமையாசிரியரோட ஒரு வார்த்தை, கடல் கடந்து வந்த மனுஷனுக்கு எப்படிக் கண்ணாடியைக் காட்டியிருக்கு, பாருங்க!

சரி. 1967-ல் மேஸ் ஓய்வு பெற்றார். எழுபதைத் தாண்டிய வயசு. எதிரணி நண்பர்கள் கணக்குப்படி அவர் கதை முடிஞ்சது. முடிஞ்சுதா? 1968-ல் தன் மாணவர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டப்போ, இரங்கல் உரை ஆற்ற வேண்டிய கொடுமை அந்தக் கிழவருக்கு வந்துச்சு. பெத்தவங்களுக்கு அடுத்தபடியாப் பிள்ளையைப் பறிகொடுக்கிற வலி தெரிஞ்சவங்க நாங்க, ஆசிரியருங்க. அந்த வலியோட அவர் சாய்வு நாற்காலியில சாஞ்சிருந்தா யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. ஆனா என்ன செஞ்சார்? 75 வயசுல அட்லாண்டா நகரப் பள்ளிக் கல்விக் குழுவுக்குத் தேர்தல்ல நின்னு ஜெயிச்சார்! 1970-ல் அந்தக் குழுவின் முதல் கறுப்பினத் தலைவர். வெள்ளைப் பிள்ளை, கறுப்புப் பிள்ளைங்கற பிரிவினை நீங்க வேண்டிய கொந்தளிப்பான காலம் அது. 1981 வரைக்கும், 86 வயசு வரைக்கும், அந்தப் பொறுப்பைச் சுமந்தார். 1984-ல் 89-ஆம் வயசுல கண்ணை மூடினார். கல்லூரித் தலைவரா இருந்தப்போ அவர் நல்ல தலைவர். முன்னாள் தலைவரான பிறகுதான் அவர் யாருன்னு ஒரு நகரத்துக்கே தெரிஞ்சது. (கைதட்டல்)

“அமெரிக்காக் கதை எங்களுக்கு எதுக்கு? நம்ம ஊர்ல அப்படி ஒருத்தரைக் காட்டு”ன்னு நீங்க கேக்கலாம். காட்டறேன். அவருக்கு மரியாதை செய்யத்தான் நான் இந்த மேடைக்கே வந்தேன்.

வாணியம்பாடியில 1928-ல் பிறந்தவர் முனைவர் மு. ஆனந்தகிருஷ்ணன். கிண்டி பொறியியல் கல்லூரியில படிச்சார். அமெரிக்காவுல மின்னசோட்டா பல்கலைக்கழகத்துல டாக்டர் பட்டம் வாங்கினார். கான்பூர் ஐ.ஐ.டி.யில பேராசிரியர். அப்புறம் வாஷிங்டன்ல இந்தியத் தூதரகம். அப்புறம் ஐக்கிய நாடுகள் சபை. 1990 முதல் 1996 வரை அண்ணா பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். இன்னிக்கு நம்ம பிள்ளைங்க ஒரே விண்ணப்பம், ஒரே கலந்தாய்வுன்னு பொறியியல்ல சேர்றாங்களே, அந்த ஒற்றைச் சாளர முறைக்கு அடித்தளம் போட்டவங்கள்ல முக்கியமானவர். இது வரைக்கும் பதவி. 1996-ல் ‘முன்னாள்’. வயசு 68.

அறுபத்தெட்டு வயசு மனுஷன் அதுக்கப்புறம் என்ன செஞ்சார்? 1999-ல் சென்னையில நடந்த தமிழ் இணைய மாநாட்டை முன்னின்று நடத்தினார். ‘தமிழ்99’ விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது அந்த மாநாட்டை ஒட்டித்தான். கணினித் தமிழுக்காக 2000-ல் உண்டான ‘உத்தமம்’ அமைப்புக்கு முதல் தலைவர் இவர். 2017-ல் தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடத்திட்டத்தை மாத்தணும்னு முடிவு செஞ்சப்போ, அந்த உயர்நிலைக் குழுவுக்கும் இவர்தான் தலைவர். வயசு என்ன? 89! அடுத்த வருஷம் நாங்க வகுப்புல பிரிச்ச புதுப் புத்தகத்துக்குப் பின்னால அந்தக் கிழவரோட உழைப்பு இருந்துச்சு.

நடுவர்: ஒரு நிமிஷம்மா. குழுத் தலைவர்னு சொல்றீங்க. அதுவும் ஒரு பதவிதானே? எதிரணிக்குப் பாயிண்ட் எடுத்துக் கொடுக்கறீங்களே!

நல்ல கேள்வி அய்யா. பதவி வேற, பொறுப்பு வேற. பதவியை நாம தேடிப் போறோம். பொறுப்பு நம்மைத் தேடி வருது. பதவியில இருக்கறவனுக்கு எல்லாரும் கும்பிடு போடுவாங்க. அது நாற்காலிக்கா, ஆளுக்கான்னு தெரியாது. நாற்காலி போன பிறகும் வீடு தேடி வந்து, “அய்யா, இதை நீங்கதான் செஞ்சு தரணும்”னு கேட்டா, அந்த மரியாதை முழுக்க ஆளுக்கு! (பலத்த கைதட்டல்)

இப்போ என் சொந்தக் கதைக்கு வர்றேன். 2006-ஆம் வருஷம். நான் அப்போ பிளஸ் டூ கணக்கு டீச்சர். என் வகுப்புல ஒரு பையன். அவங்கம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிற தொழிலாளி. பண்ருட்டிப் பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும், அந்தக் கொட்டையில இருந்து ஒரு எண்ணெய் வரும். கையெல்லாம் கறுத்து, தோல் உரிஞ்சுபோகும். அந்தக் கையால படிக்க வெச்ச பிள்ளை. பொறியியல் கணக்குப்படி 200-க்கு 184 எடுத்தான். அன்னிக்கு அது மட்டும் போதாது. நுழைவுத் தேர்வுன்னு ஒண்ணு. 1984-ல் இருந்து நடந்தது. அதுக்கு 100. ஆக மொத்தம் 300. டவுன்ல பரீட்சை முடிஞ்ச மறுநாளே பிள்ளைங்க கோச்சிங் வகுப்புக்குப் போவாங்க. அந்த ஃபீஸ் இவங்கம்மாவுக்கு மூணு மாசக் கூலி. இவன் போகலை. நூத்துக்கு 38 எடுத்தான். இவனைவிட பிளஸ் டூவில குறைச்சலா எடுத்த பிள்ளைங்க, கோச்சிங் போய் 80, 85 எடுத்து, இவனைத் தாண்டிப் போயிட்டாங்க.

மார்க்கை எடுத்துக்கிட்டு என் வீட்டுக்கு வந்தான். “டீச்சர், நான் என்ன தப்பு பண்ணேன்?”னு கேட்டான். நடுவர் அவர்களே, அன்னிக்கு நான் பதவியில இருந்தேன். சம்பளம் வாங்கினேன். கையில சாக்பீஸ் இருந்துச்சு. ஆனா அந்தப் பிள்ளைக்குச் சொல்ல என்கிட்ட ஒரு பதிலும் இல்லை. “வேற வழி இல்லப்பா”ன்னேன். அவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு பஸ் ஏறிட்டான். அந்த வார்த்தை இன்னிக்கும் என்னைக் குத்துது.

அவனுக்கு ஒரு தங்கச்சி. ஒரு வகுப்பு கீழே. அவளும் என் மாணவிதான். அந்த வருஷம் என்ன நடந்துச்சு? நுழைவுத் தேர்வை நீக்க 2005-லும் 2006 தொடக்கத்துலயும் அரசு முயற்சி செஞ்சு, ரெண்டு தடவையும் நீதிமன்றத்துல நிக்கலை. 2006-ல் புதுசா வந்த அரசு ஒரு நிபுணர் குழு போட்டுச்சு. தலைவர் யார்? அந்த 78 வயசு ‘முன்னாள்’ ஆனந்தகிருஷ்ணன்! ஒரே பரீட்சை எல்லாருக்கும் சமம்னு மேலாகப் பார்த்தாத் தெரியும். ஆனா அதுக்குத் தயார் பண்ற வசதி கிராமத்துப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் சமமா இல்லையே! அதை ஆராய்ஞ்சு அறிக்கை கொடுத்தாங்க. அந்த அடிப்படையில சட்டம் வந்துச்சு. குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். 2007 ஏப்ரல்ல சென்னை உயர் நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிட்டுது.

சட்டம் போட்டது பதவியில இருந்தவங்கதான், ஒத்துக்கறேன். ஆனா பதவியில இருந்தவங்க ரெண்டு தடவை எழுதினது விழுந்துச்சே! மூணாவது தடவை நிக்கறதுக்கு முட்டுக் கொடுத்த தோள்ல ஒண்ணு, பதவி போன ஒரு கிழவரோட தோள். (கைதட்டல்)

ஏப்ரல்ல தீர்ப்பு. மே மாசம் ரிசல்ட். தங்கச்சி 187. நுழைவுத் தேர்வு கிடையாது. அம்மாவும் மகளும் ராத்திரி பஸ்ல சென்னைக்குப் போனாங்க. கலந்தாய்வுல அரசு பொறியியல் கல்லூரி கிடைச்சுது. ஒரே வீடு. ஒரே தெரு விளக்கு. ஒரே கணக்கு டீச்சர். அண்ணனுக்குச் சாத்தியிருந்த கதவு தங்கச்சிக்குத் திறந்துச்சு. நடுவுல இருந்தது ஒரே ஒரு வருஷம்! ஃபீஸ் கட்டினது யார் தெரியுமா? திருப்பூர்ல இருந்த அண்ணன். இன்னிக்கு அவள் மின்சாரத் துறையில பொறியாளர்.

மருத்துவப் படிப்புக்கு 2017-ல் இருந்து வேற தேர்வு வந்துடுச்சு. அதைப் பத்தி நாட்டுல பெரிய வாதம் நடக்குது. அது வேற மேடை. பொறியியல் கலந்தாய்வுல மட்டும், இன்னிக்கும் பிளஸ் டூ மார்க்தான் பேசுது.

2021 மே மாசம். கொரோனா ஊரடங்கு. திருப்பூர்ல இருந்து அந்த அண்ணன் போன் பண்ணான். “டீச்சர், ஒரு பெரியவர் தவறிட்டாருன்னு செய்தியில சொல்றாங்க. 92 வயசாம். நுழைவுத் தேர்வை எடுக்கறதுக்குக் குழுத் தலைவரா இருந்தவராம். நான் ஒரு வருஷம் முன்னாடியே பொறந்துட்டேன் டீச்சர்”னான். நான் பேசலை. அவனே சொன்னான்: “பரவால்ல டீச்சர். தங்கச்சிக்கு வந்தாருல்ல, அது போதும்.” (அரங்கில் அமைதி)

அய்யா, அந்தப் பெரியவர் துணைவேந்தரா இருந்ததுக்காக அவன் அழலை. 92 வயசு வாழ்ந்ததுக்காகவும் அழலை. நாற்காலியை விட்டு எழுந்த பத்தாவது வருஷம், முகம் தெரியாத ஒரு முந்திரித் தொழிலாளி வீட்டுக் கதவைத் திறந்துவிட்டாரே, அதுக்காக அழுதான். ஆயுசு எல்லாருக்கும் ஆண்டவன் கொடுக்கறது. அந்த ஆயுசுல அடுத்தவனுக்கு எத்தனை கதவைத் திறந்தோம்ங்கறதுதான் நம்ம கணக்கு.

கடைசியா ஒண்ணு சொல்லிட்டு முடிக்கறேன். ஜூன் மாசம், நான் தூக்கம் இல்லாமக் கெடந்தேன்னு சொன்னேன் இல்லையா? ஒரு ஞாயித்துக்கிழமை காலையில வாசல்ல ஒரு குரல். “டீச்சர்!” எட்டிப் பார்த்தேன். அதே பையன். தலையில லேசா நரை. திருப்பூரை விட்டு ஊருக்கே வந்துட்டானாம். கையில ஒரு சின்னப் பொண்ணு, அஞ்சாம் வகுப்பு. “இவளுக்குக் கணக்கு வர மாட்டேங்குது டீச்சர். நீங்கதான் பார்த்துக்கணும்.”

நடுவர் அவர்களே, அவன் என்னை ‘முன்னாள் டீச்சர்’னு கூப்பிடலை. 2006-ல் அவனுக்கு நான் சொன்ன பதில், “வேற வழி இல்லப்பா.” இந்தத் தடவை சொன்னேன்: “உக்காரு பாப்பா, சிலேட்டை எடு.” இப்போ என் திண்ணையில சாயங்காலம் எட்டுப் பிள்ளைங்க. ஃபீஸ் கிடையாது. வருகைப் பதிவேடு கிடையாது. என் வீட்டுக்காரர்தான் மணி அடிக்கிறவர். (சிரிப்பு, பலத்த கைதட்டல்)

உழவாரப்படை எடுத்தவர் பெயரும், பள்ளிக்கூடத்துக்குத் திரும்பி வந்த மேஸ் பெயரும், கதவைத் திறந்துவிட்ட ஆனந்தகிருஷ்ணன் பெயரும் எனக்குச் சொல்ற பதில் ஒண்ணுதான். பதவி நம்மை ஊருக்குக் காட்டும். பதவியை விட்ட பிறகு செய்யற வேலைதான் நம்மை நமக்கே காட்டும். எனவே, மனிதனின் மதிப்பு தெரிவது பதவியை விட்ட பிறகே என்று, பதவியில் இருக்கும் நடுவர் அவர்கள் பெரிய மனது பண்ணித் தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன்.